கை நனைக்கும் முன்

விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனி ஒன்றில் கோப்பைகளுக்குப் பிசிறு எடுக்கும் அம்சவல்லி, வாழ்க்கையில் முதல் தடவையாகச் சென்னைக்குக் கிளம்பினாள். முதல் தடவை பட்டணம் போகிறவர்கள் கடற்கரையைப் பார்க்கலாமா, துணிக்கடைக்குப் போகலாமா என்று திட்டம் போடுவார்கள். அம்சவல்லி போட்ட திட்டம் முழுக்கச் சாப்பாட்டைப் பற்றியது. எங்கே சாப்பிடுவது, எங்கே காபி குடிப்பது, எங்கே பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்று ஒரு வாரமாக யோசித்து வைத்திருந்தாள். அவளை வயிற்றுக்கு அடிமை என்று நினைத்துவிட வேண்டாம். மகள் வேல்விழிக்கு மாப்பிள்ளை வீடு பார்க்கப் போகிறாள், அவ்வளவுதான்.

பேச்சு முடிவாகும்வரை மாப்பிள்ளை வீட்டில் கை நனைக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். இலையில் கை வைத்துவிட்டால் பெண் கொடுக்கச் சம்மதம் என்று அர்த்தம். தின்றுவிட்டு வந்து வேண்டாம் என்று சொல்கிறவனை ஊரில் யாரும் மனுஷனாக மதிக்க மாட்டார்கள். இப்போதெல்லாம் நிறையப் பேர் இதைக் காற்றில் விட்டுவிட்டார்கள். வீடு பார்க்கப் போன இடத்திலேயே பிரியாணி தின்று, ஏப்பம் விட்டு, வெற்றிலையும் போட்டுக்கொண்டு வருகிறார்கள். அம்சவல்லியால் அப்படி விட முடியவில்லை. அவள் தலையெழுத்தே ஒரு வேளைச் சோற்றில் எழுதப்பட்டது.

அவளுடைய அப்பா பச்சமுத்து, அவளுக்கு வரன் பார்க்க எங்கள் மாவட்டத்திலேயே இருக்கிற மங்களூர்ப் பக்கம் போனார். பஸ்ஸைத் தவறவிட்டு, வெயிலில் நடந்து, கண் இருட்டிப் போய்த்தான் அந்த வீட்டு வாசலை மிதித்தார். மாப்பிள்ளை வீட்டார் கெட்டிக்காரர்கள். மொதல்ல சாப்புடுங்க, அப்பறம் பேசலாம் என்று தலைவாழை இலையைப் போட்டார்கள். பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பார்கள். பச்சமுத்துவுக்கு அன்றைக்குப் பறந்துபோனது மகளின் வாழ்க்கை. சாப்பிட்டு முடித்து பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் பெட்டிக்கடைக்காரர் மெதுவாகச் சொன்னார், பையன் காலையிலேயே குடிக்கிற ஆள் என்று. வீட்டுக்கு வந்த பச்சமுத்து மனைவியிடம் தலையைக் குனிந்துகொண்டு, "கை நனைச்சிட்டேன். இனிமே நான் என்னா பேசறது" என்றார். அடுப்படியில் நின்ற அம்சவல்லி அதைக் கேட்டாள்.

அந்தப் பையன்தான் கலியமூர்த்தி. புருஷனைக் கெட்டவர் என்று அம்சவல்லி ஒருநாளும் வெளியே சொன்னதில்லை. காலையில் டீ டம்ளரைக் கையில் கொடுத்தால் அவருக்குக் கை நடுங்கும். பாதி டீ லுங்கியில் கொட்டும். ஒரு குவார்ட்டர் உள்ளே போனதும் நடுக்கம் நிற்கும், மற்றதெல்லாம் ஆரம்பமாகும். வேல்விழி பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோதே அவர் ஈரல் வெந்து செத்துப்போனார். அம்சவல்லி பீங்கான் கம்பெனிக்கு வேலைக்குப் போனாள். அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சுடாத பச்சைக் கோப்பைகளின் விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறைக் கத்தியால் சீவி, ஈரப் பஞ்சால் துடைத்துச் சூளைக்கு அனுப்புகிற வேலை. அந்தக் கூலியில்தான் மகளைப் படிக்கவைத்தாள். இன்றைக்கு வேல்விழி தனியார் ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுத்துப் பரிசோதனை செய்கிறாள்.

வரன் மங்கலம்பேட்டைச் சொந்தக்காரர் வழியாக வந்தது. பையன் பெயர் சேரன், புரசைவாக்கத்தில் வீடு, கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. அவனும் அப்பா அம்மாவும் வந்து பெண்ணைப் பார்த்துவிட்டுப் போனார்கள். பையன் அதிகம் பேசவில்லை. சர்க்கரை போடாத டீ கேட்டு வாங்கிக் குடித்தான், கேசரியைத் தொடவே இல்லை. இந்தக் காலத்துப் பையன்களுக்கு உடம்பு இளைக்கிற பைத்தியம் என்று அம்சவல்லி நினைத்துக்கொண்டாள். எப்படி இருக்கிறார் என்று கேட்டதற்கு வேல்விழி, பரவால்ல என்றாள். அவள் வாயிலிருந்து பரவால்ல என்று வந்தால் மற்றவர்கள் மேளம் அடித்து ஆடுவதற்குச் சமம். அதனால்தான் அம்சவல்லிக்குப் பயம் கூடியது. மகளுக்குப் பிடித்துவிட்டது, இனிமேல் பையனிடம் ஏதாவது குறை இருந்தால் அதைக் கண்டுபிடிப்பதும், கண்டுபிடித்த பிறகு வேண்டாம் என்று சொல்லும் தெம்போடு இருப்பதும் அவள் பொறுப்பு. அந்தத் தெம்பு கை காய்ந்திருக்கும்வரைதான்.

துணைக்குத் தம்பி கொளஞ்சியப்பன். தாய்மாமன் இல்லாமல் வீடு பார்க்கப் போக முடியாது. பீங்கான் சாமான்களை வைக்கோல் வைத்து அடுக்கிப் புதுச்சேரிக்கு லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். எப்போதோ ஒரு தடவை கோயம்பேடு வரை போய்வந்ததால் சென்னையே தன் சட்டைப் பையில் இருப்பதாக அவனுக்கு நினைப்பு. திட்டம் போடும்போது அவன் எடுத்துச் சொன்னவை விழுப்புரம் பிளாட்பாரத்து வடையில் தொடங்கிப் புரசைவாக்கத்துப் பிரியாணியில் முடிந்தன. டீ குடித்தால் அது கை நனைத்ததாகாது, டம்ளர்தானே நனைகிறது என்று சட்டமும் பேசினான். ஸ்பூனில் எடுத்துச் சாப்பிட்டால் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது என்றும் சொன்னான். இப்படி ஸ்பூன் கேட்கிறவனை வாசலிலேயே நிறுத்திவிட்டுத் தான் மட்டும் உள்ளே போகப்போவதாக அம்சவல்லி சொன்ன பிறகு அடங்கினான்.

கடைசியில் அவள் திட்டம்தான் நின்றது. விழுப்புரம் தாண்டியதும் ரயிலிலேயே இட்லி. எழும்பூரில் இறங்கியதும் ஸ்டேஷன் வாசலில் காபி. அப்போதுதான் அங்கே போய் இப்பத்தான் குடிச்சோம் என்று பொய் சொல்லாமல் சொல்லலாம். பிறகு மாப்பிள்ளை வீடு; அங்கே எதுவும் கிடையாது. எல்லாம் முடிந்து திரும்பும்போது எழும்பூரிலேயே ஒரு மெஸ்ஸில் மதியச் சோறு. கிளம்பும்போது வேல்விழி, ரயிலில் வாந்தி வந்தால் வாயில் போட்டுக்கொள்ளச் சொல்லி ஒரு கைப்பிடி ஆரஞ்சு மிட்டாயை அம்மாவின் பர்ஸில் திணித்தாள்.

திட்டம் விழுப்புரத்திலேயே கவிழ்ந்தது. கூட்டம் அதிகமாக இருந்ததால் இருவரும் நின்றுகொண்டே வந்தார்கள். ரயில் நின்றதும் பக்கத்துப் பெட்டி காலியாவதைப் பார்த்த கொளஞ்சியப்பன், அக்காவை இழுத்துக்கொண்டு ஓடி ஜன்னலோரம் இடம் பிடித்தான். பிடித்த இடத்தின் பெருமையை அவன் பேசி முடிக்கத் திண்டிவனம் ஆகிவிட்டது. பசி எடுத்து இட்லிப் பையைத் தேடினால், அதைப் பழைய பெட்டியின் கொக்கியிலேயே விட்டுவந்தது ஞாபகம் வந்தது. ஓடிப் போய்ப் பார்த்தான், பை இல்லை. யாரோ புண்ணியவான் பசியாறியிருந்தான். எழும்பூரில் காபியோடு பன்னும் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று அம்சவல்லி தம்பியைத் தேற்றினாள்.

எழும்பூரில் இறங்கினால் பிளாட்பாரத்தில் சேரன் நின்றுகொண்டிருந்தான். இவர்கள் வழி தெரியாமல் அலையக்கூடாது என்று அவனே வந்துவிட்டானாம். அம்சவல்லியின் கைப்பையை வாங்கிக்கொண்டு, படியில் பார்த்து வாங்க என்று இரண்டு தடவை சொன்னான். அதில் அவளுக்கு மனசு கொஞ்சம் இளகியது. ஆனால் ஸ்டேஷன் வாசல் காபிக் கடையைத் தாண்டி அவன் நேராகக் காரில் ஏற்றியபோது, தம்பியும் அக்காவும் அந்தக் கடையை ஒரே மாதிரி திரும்பிப் பார்த்தார்கள். வீட்டுக்குப் போவதற்கு முன் ஒரு காபி ஷாப்பில் உட்கார்ந்து பேசலாம், அப்பாவும் அம்மாவும் அங்கேதான் இருக்கிறார்கள் என்று சேரன் சொன்னான். வீடு பார்க்க வந்தவர்களை எதற்குக் கடைக்குக் கூட்டிப் போகிறார்கள்? வீட்டில் காட்டக் கூடாதது ஏதோ இருக்கிறதா? அம்சவல்லி வழியெல்லாம் இதையே நினைத்துக்கொண்டு வந்தாள்.

கடைக்குள் சூளை அறைக்கு நேர் எதிரான குளிர். முதலில் ஆர்டர் சொல்லிப் பணத்தைக் கட்டிவிட்டு உட்கார வேண்டுமாம். தங்கள் பங்கைத் தாங்களே கட்டிக்கொள்ளலாம் என்று அம்சவல்லி தம்பிக்குக் கண் காட்டுவதற்குள் சேரன் எல்லாருக்கும் சொல்லி, கட்டியும் விட்டான். பிறகு கை கழுவும் பக்கம் போய்விட்டு வந்து உட்கார்ந்தான். அவன் அப்பா தமிழ்மணி, வாயில் கொழுக்கட்டை வைத்திருப்பவர்போலத் தலையை மட்டும் அசைத்தார். அம்மா கனகா அதற்கும் சேர்த்துப் பேசினாள். பிறந்தது சேத்தியாத்தோப்பு, அதனால் ஊர்ப் பேச்சு நாக்கிலிருந்து இன்னும் போகவில்லை என்றாள். வாங்க சம்பந்தி என்றே கூப்பிட்டாள். முடிவாகாத சம்பந்தத்துக்குள் இந்தச் சம்பந்தி எங்கிருந்து வந்தது என்று அம்சவல்லிக்குச் சுருக்கென்றது.

தட்டுகள் வந்தன. வறுத்த ரொட்டிக்குள் காய்கறி வைத்தது, கேக்குத் துண்டு, நுரை ததும்பும் காபி. சூடான வெண்ணெய் வாசனையில் கொளஞ்சியப்பனின் தொண்டை ஏறி இறங்கியது. கனகா தட்டை நகர்த்தி வைத்தாள்.

"மொதல்ல சாப்புடுங்க சம்பந்தி. அப்பறம் பேசலாம்."

அதே வார்த்தை. மங்களூரில் அப்பாவிடம் சொன்ன அதே வார்த்தை, இலைக்குப் பதிலாக வெள்ளைத் தட்டு. அவளும் அப்பாவைப் போலவே விடிகாலையிலிருந்து பட்டினி. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணு என்று சொல்லிவைத்தவன் நிச்சயம் பெண்ணைப் பெற்றவனாக இருந்திருக்க மாட்டான். அவள் இரண்டு கைகளையும் மேஜைக்கு அடியில் மடியில் வைத்துக்கொண்டு, பரவாயில்லைங்க, பேசலாம் என்றாள். தம்பியின் கை ரொட்டிப் பக்கம் ஊர்ந்தது. அவன் காலை இவள் மிதித்தாள். அவன் ரொட்டிக்குப் பக்கத்தில் இருந்த காகிதக் கைக்குட்டையை எடுத்து, தேவையே இல்லாமல் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

கனகா விடவில்லை. காபி ஆறுது என்றாள், கேக்கில் முட்டை கிடையாது என்றாள், ஒரு வாயாவது என்றாள். பையனைப் பற்றி அம்சவல்லி என்ன கேட்டாலும் சுற்றி வளைத்துக் கேக்கிலேயே வந்து நின்றாள். பெரியவர்கள் தொடாததால் சேரனும் தொடவில்லை. அம்மாவை ஒரு தடவை பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தான்; கனகா கண்ணாலேயே அடக்கினாள். இப்படியே நேரம் போனது.

பிறகுதான் அம்சவல்லி அதைப் பார்த்தாள். சேரன் தண்ணீர் டம்ளரை எடுத்தான். கை நடுங்கியது. தண்ணீர் தளும்பி மேஜையில் சிந்தியது. இன்னொரு கையால் பிடித்துக்கொண்டான். அந்தக் கையும் நடுங்கியது. அவ்வளவு குளிரிலும் அவன் நெற்றி வேர்த்திருந்தது.

அவளுக்கு அந்த நடுக்கம் தெரியும். எத்தனை காலைகள் பார்த்தது. பாவிப் பையா, நீயும் அதுதானா என்று மனசுக்குள் அழுகையே வந்தது. அவளுக்குக் கோபம்கூட வரவில்லை; ஸ்டேஷனில் பையை வாங்கிக்கொண்ட பையனை அவளுக்குப் பிடித்திருந்தது, அதுதான் வலித்தது. வேல்விழியின் அந்தப் பரவால்ல ஞாபகத்துக்கு வந்தது. நல்லவேளை, கை காய்ந்திருக்கிறது. அப்பாவால் முடியாததை அவள் செய்தாள். எழுந்து நின்றாள்.

"நாங்க போயிட்டு வரோங்க" என்றாள்.

கனகா பதறிப்போய் அவள் கையைப் பிடித்தாள். அதற்குள் சேரன், "உக்காருங்கம்மா, ஒரே நிமிஷம்" என்றான். குரலும் நடுங்கியது. அப்புறம் சொல்லிக்கலாம்டா என்று கனகா கிசுகிசுத்தாள். அவன் தலையாட்டினான்.

"அப்புறம் இல்லம்மா, இப்பவே சொல்லணும்." அவன் அம்சவல்லி பக்கம் திரும்பினான். "நீங்க சாப்பிடாததே நல்லதுங்க. எனக்குப் பள்ளிக்கூடத்துல படிக்கும்போதிலிருந்து சுகர். தினமும் ஊசி போட்டுக்கணும், வாழ்க்கை பூரா. இப்பவும் போட்டுட்டுத்தான் உக்காந்தேன், சாப்பிட லேட்டாயிடுச்சு, சுகர் ரொம்ப இறங்கிடுச்சு, அதான் கை இப்படி. வீட்டுக்குக் கூப்பிட்டா அம்மா இலையைப் போட்டுடுவாங்க. அப்புறம் சொன்னா ஏமாத்துற மாதிரி. அதனாலதான் இங்க வரச் சொன்னேன். இதைக் கேட்டுட்டு நீங்க எழுந்து போனா ஒரு தப்பும் இல்ல."

சொல்லிவிட்டு அவன் கேக்குத் தட்டை இழுக்கப் பார்த்தான். விரல் தட்டில் நிற்கவில்லை. கனகா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அம்சவல்லி யோசிக்கவே இல்லை. பர்ஸைத் திறந்து ஆரஞ்சு மிட்டாயை அள்ளினாள். ஒட்டிக்கொண்டிருந்த காகிதங்களைப் பச்சைக் கோப்பையில் பிசிறு எடுக்கிற அதே விரல்களால் உரித்து, இரண்டை அவன் உள்ளங்கையில் வைத்து, கையை மூடி, வாய்வரை கொண்டுபோனாள்.

"கடிச்சு முழுங்குப்பா" என்றாள்.

கடித்தான். இன்னும் இரண்டு கொடுத்தாள். காபியில் சர்க்கரையைக் கொட்டிக் கலக்கி அவன் பக்கம் நகர்த்தினாள். சாப்பிடு, எங்களைப் பாக்காத என்று அதட்டினாள். கொஞ்ச நேரத்தில் வேர்வை அடங்கியது. கை மெல்ல மெல்ல நின்றது. குவார்ட்டர் இல்லாமல் நிற்கிற நடுக்கத்தை அம்சவல்லி அன்றைக்குத்தான் பார்த்தாள்.

கொளஞ்சியப்பன்தான் மெதுவாக, "அக்கா, நாம நனைக்கல. அவங்கதான் நம்ம மிட்டாய்ல கை நனைச்சிட்டாங்க" என்றான். அதுவரை வாயே திறக்காத தமிழ்மணி சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். கனகா அழுதாள். இதற்கு முன்னால் வந்த வரன்கள் நோயைக் கேட்டதுமே போய்விட்டன, ஒரு வாய் சாப்பிட வைத்துவிட்டுச் சொன்னால் போகமாட்டார்கள் என்று நினைத்தேன், பெத்தவ வேற என்னா பண்ணுவா என்றாள். அம்சவல்லிக்கு அவள்மேல் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மங்களூரில் இலை போட்ட மாமியாரும் இப்படித்தான் யாரும் பார்க்காத இடத்தில் அழுதிருப்பாளோ என்று முதல் தடவையாகத் தோன்றியது.

மகளிடம் கேட்காமல் ஒன்றும் சொல்ல முடியாது என்று அம்சவல்லி சொன்னாள். கேளுங்க என்றான் சேரன், எல்லாத்தையும் சொல்லிக் கேளுங்க. அவன் ரொட்டி முழுவதையும் தின்று முடிக்கும்வரை அவள் உட்கார்ந்திருந்தாள். கொளஞ்சியப்பனும் உட்கார்ந்திருந்தான், தன் எதிரில் இருந்த ரொட்டியை அவன் பார்த்த பார்வையில் அதற்கே கண்பட்டிருக்கும். விடைபெறும்போது கனகா சாப்பிடச் சொல்லவில்லை, சம்பந்தி என்று கூப்பிடவும் இல்லை. போயிட்டு வாங்கம்மா என்று மட்டும் கைகூப்பினாள்.

போட்ட திட்டத்தில் மிஞ்சியது எழும்பூர் மெஸ் மட்டும்தான். ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு சந்தில் கண்டுபிடித்து உட்கார்ந்தார்கள். இலை போட்டார்கள், தண்ணீர் தெளித்தார்கள், சோறு வந்தது. கொளஞ்சியப்பன் அக்காவுக்காகக் காத்திருக்கவில்லை. இரண்டாவது தடவை சோறு கேட்டபோதுதான் நிமிர்ந்தான். அம்சவல்லி இலையைத் தொடாமல் போனை எடுத்தாள். ஒன்றையும் மறைக்காமல், ஒன்றையும் கூட்டாமல், நடந்தது முழுவதையும் சொன்னாள்.

வேல்விழி கேட்டுக்கொண்டே இருந்தாள். லேபில் தினமும் சுகர் பார்க்கிறவள். அது எப்படிப்பட்ட நோய் என்று அம்மா அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆயுசு பூராவும் கூடவே வரும், பயப்படவும் கூடாது, அலட்சியமாக இருக்கவும் கூடாது என்று அவளுக்குத் தெரியும். முடிவில் ஒன்று மட்டும் கேட்டாள். சொன்னது யார், அவரா, அவங்க அம்மாவா?

"அவருதான். நாங்க எதையும் தொடறதுக்கு முன்னாடியே."

அந்தப் பக்கம் லேப் மெஷின் ஓடுவது கேட்டது. அம்சவல்லி சொன்னாள், கை இன்னும் காய்ஞ்சுதான் இருக்குது, நீ வேணாம்னா வேணாம், வேணும்னா இன்னொரு நாள் அவங்க வூட்டுக்குப் போயி நான் சாப்பிட்டுட்டு வரேன்.

"வேணாம்மா" என்றாள் வேல்விழி. "தாத்தா உனக்காகச் சாப்பிட்டாரு. நீ எனக்காகச் சாப்பிட வேணாம். அடுத்த ஞாயித்துக்கெழம நானே வரேன். பேசிப் பாக்கறேன். சாப்பிடணும்னா நான் சாப்பிட்டுக்கறேன்."

இப்படி ஒரு வழி இருப்பது அப்பாவுக்கும் தெரியவில்லை, அம்சவல்லிக்கும் இத்தனை வருஷம் தோன்றவில்லை. சரிம்மா என்று மட்டும் சொல்லி போனை வைத்தாள். சாம்பார் வாளியோடு வந்தவர், என்னம்மா இலை அப்படியே இருக்குது என்று கேட்டார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆறிப்போன சோற்றில் குழி செய்து, ஊத்துங்க என்றாள்.